முதல் கியரில் பின்னால் போன ஜீப்

வண்டி ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் தீர்த்தகிரிக்கு ஆள் பஞ்சம் என்றால் என்னவென்று தெரியாது. நெல்லிவாசல்நாட்டு ஈச்சங்கொல்லையிலிருந்து புதூர்நாட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் அவர். முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் எதிரும் புதிருமாக எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தவர் கிடையாது. படியில் தொங்குகிறவர்கள் தனி. ஒருத்தர் மடியில் கோழி இருக்கும், இன்னொருத்தர் சாமை மூட்டையை டிரைவரின் தோள்மேலேயே சாய்த்திருப்பார். கியர் போட வேண்டுமானால் யாராவது முழங்காலை நகர்த்த வேண்டும். "கால எடு, கால எடு" என்று கத்திக்கொண்டேதான் தீர்த்தகிரி மலை இறங்குவார். அப்படி இருந்த மனிதருக்கு இப்போது காலை எடுக்கச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்லை. கார்த்திகையில் நின்ற ஜீப் மாசி பிறந்தும் வாசலில் பலா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அதன் ஸ்டியரிங்கின் மேல் கோழிகள் ஏறித் தூங்கின.

பழுதானது பின்னச்சு. இன்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரங்கள் அச்சின் நடுவில் ஒரு இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன. பெரிய சக்கரம் கிரவுன், அதைச் சுற்றிவிடுகிற சின்னது பினியன், எல்லாவற்றையும் தாங்குகிற கூடு ஹவுசிங். ஒரு நாள் நெல்லிவாசல் ஏற்றத்தில், ஆட்கள் பிதுங்கப் பிதுங்க ஏறிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கூட்டுக்குள் படபடவென்று பற்கள் நொறுங்கின. இன்ஜின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. ஏறி வந்தவர்களே இறங்கி, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் கடைசியாக அவர் வாசலில் அத்தனை பேர் நின்றது.

இதில் அவருக்கு உறுத்தியது வேறு. இந்தப் பழுதை முன்கூட்டியே சொன்னவள் அவர் மனைவி பெரியம்மாள். டிரைவர் பெண்சாதி என்றால் முன்சீட்டில் உட்காருவாள் என்று நினைக்கக் கூடாது. முன்சீட்டு காசு கொடுக்கிறவர்களுக்கு. அவள் எப்போதும் பின்பெஞ்சில், அச்சுக்கு நேர் மேலேதான் உட்காருவாள். போன ஐப்பசியில் ஒரு நாள், வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போதே அங்கிருந்து சொன்னாள்: "யோவ், அடியில இன்னாவோ ஊளையிடுது. எறங்கிப் பாரு."

"வண்டியப் பத்தி நீ எனக்குச் சொல்றியா மே? சோத்துப் பானையப் பத்தி எதுனா தெரிஞ்சா சொல்லு," என்றார் தீர்த்தகிரி. வண்டியே சிரித்தது. பெரியம்மாள் சிரிக்கவில்லை. அந்த வாரமே மகள் சிவசங்கரிக்குப் பிரசவம் என்று ஆம்பூருக்குப் போனாள். மகளும் மருமகனும் அங்கே ஷூ கம்பெனியில் வேலை. அவள் போய்ச் சில நாட்களில் பல் நொறுங்கியது.

மனைவிக்கு போன் போட்டு, நீ சொன்ன மாதிரியே ஆயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தீர்த்தகிரி வீம்பு பிடித்தவர். தப்பு என் பேரில் என்று சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார். ஈச்சங்கொல்லையில் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே வழுக்குப்பாறைக்கு ஏறினால்தான் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு, பேரப்பிள்ளை பிறந்த சேதி கேட்டார், பெயர் வைத்த சேதி கேட்டார், குப்புற விழுந்த சேதி கேட்டார். நடுவில் பெரியம்மாள், "கொயந்த தேறிடுச்சு. முட்டி வலி தாங்கல, மலைய ஏறி நடந்து வர முடியாது. நீ வந்து கூட்டிக்கினு போறதா இருந்தா வர்றேன்," என்று சொன்னபோதெல்லாம், "டிரிப்பு நெறைய கீது. அப்பால பாக்கலாம்," என்றார். மூன்று மாதமாகக் கோழி தூங்குகிற வண்டிக்கு டிரிப்பு.

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் பாறையிலிருந்து இறங்கி வருவதுதான் அவருக்கு இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. ஈச்சங்கொல்லையில் வீடுகள் அவரவர் கொல்லையில், ஒன்றுக்கொன்று கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கின்றன. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சனம் மிளகு பறிக்கக் குடகுக்குப் போயிருந்தது. மீதிப் பேர் விடிந்தால் புளிய மரத்தின் மேல் இருந்தார்கள். முன்பெல்லாம் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்கவாவது யாராவது வருவார்கள், வந்தால் உட்கார்ந்து ஒரு கதை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது அன்பரசன் என்ற பையன் புது வண்டி வாங்கிக் கீழ்ச்சாலையில் ஓட்டுகிறான். எல்லாரும் அங்கே போய் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் தன்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் வண்டியைத் தேடித்தான் வந்தார்கள் என்பது தீர்த்தகிரிக்குத் தெரிய இத்தனை வயது ஆயிற்று. தெரிந்தபோது நெஞ்சு காய்ந்து போனது. சோறாக்கி இறக்கிவைப்பார், எதிரே உட்காருவார், இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிவைத்துவிடுவார்.

மாசியில் ஒரு நாள் பாறையேறினபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"ப்பா, அம்மா சனிக்கெழம மத்தியான பஸ்சுல புதூர்நாட்டுக்கு வர்றாங்க. நீ ஜீப் எடுத்துக்கினு வந்து நின்னா உன்கூட வருவாங்களாம். இல்லன்னா அதே பஸ்சுல திரும்பிடுவாங்களாம். இனிமே கேக்க மாட்டாங்களாம். அப்படியே சொல்லச் சொன்னாங்க."

"உங்கம்மா கீறாளா பக்கத்துல?"

"கீறாங்க. பேச மாட்டேங்கறாங்க."

தீர்த்தகிரி பாறை விளிம்புக்கு நகர்ந்தார். கீழே மரத்தடியில் ஜீப்பின் தார்ப்பாய் தெரிந்தது. "வந்துட்றேன்னு சொல்லு," என்றார்.

அன்பரசனை ஒரு வாடகைக்குப் பேசியிருந்தால் வேலை முடிந்தது. புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். தீர்த்தகிரி மறுநாள் விடிகாலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்து புதூர்நாட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்துத் திருப்பத்தூர் போய், பழைய சாமான் கடையில் தன் வண்டிக்குப் பொருந்துகிற கிரவுன் பினியனைத் தேடி எடுத்தார். அங்கேயே ஒரு மெக்கானிக்கை மலைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். பங்குனி முடியட்டும், இல்லாவிட்டால் வண்டியை இங்கே கட்டி இழுத்துக்கொண்டு வா என்றான் அவன். தீர்த்தகிரி சாமானைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் மங்கம்மாள், "இன்னாணா மூட்ட? தோளு சாயுது," என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, இரும்பு," என்றார். பொய்யில்லைதான்.

டிஃபரன்ஷியல் என்கிற இந்தப் பின்னச்சு வேலை அவருக்குப் புதிதல்ல. ஒரு தடவை கூட இருந்து பார்த்திருக்கிறார், பாதி கை வைத்தும் இருக்கிறார். ஆனால் அது இரண்டு ஆள் வேலை. ஒருத்தன் அடியில் படுத்து ஹவுசிங்கைத் தாங்க வேண்டும், இன்னொருத்தன் போல்ட்டைப் பூட்ட வேண்டும். இவர் ஒருத்தரே இரண்டாகவும் இருந்தார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். இரண்டு பக்கமும் அச்சுத் தண்டுகளை உருவினார். இன்ஜினிலிருந்து வருகிற நீளத் தண்டை அவிழ்த்துக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். பிறகு கூட்டைச் சுற்றியிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசி நட்டைக் கழற்றுவதற்கு முன், எது மேல்பக்கம் என்று மறந்துவிடக் கூடாது என்று, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை விரலில் எடுத்து ஹவுசிங்கின் தலையில் ஒரு கோடு இழுத்தார். நல்ல யோசனை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆட்டுக்கல் கனம் இருந்த அந்தச் சாமானைத் தன் வயிற்றின் மேலேயே வாங்கி, மல்லாந்தபடி நகர்ந்து வெளியே வந்தார். கொஞ்ச நேரம் அதைக் கட்டிக்கொண்டு அப்படியே மண்ணில் கிடந்தார். மூச்சு வாங்கியது. "புடிடா, புடிடா" என்று சொல்லப் பழகின வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. "இன்னாப்பா, கனக்கிற?" என்று ஹவுசிங்கிடம் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அதனுடன்தான் பேச்சு.

உடைந்த பற்களை எடுத்தார், புது கிரவுனைப் பூட்டினார், பேரிங்குகளைத் தட்டி இறக்கினார். பல்லும் பல்லும் சரியான இடத்தில் கவ்வுகிறதா என்று பார்க்கப் பட்டறையில் ஒரு சிவப்புப் பூச்சு வைத்திருப்பார்கள். வீட்டில் அதற்கு எங்கே போவது? சாமி மாடத்தில் பெரியம்மாளின் குங்குமச் சிமிழ் இருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டு, குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவிச் சுற்றிப் பார்த்தார். சிவப்பு பல்லின் நடுவில் பதியவில்லை, ஓரத்தில் பதிந்தது. இரும்புத் தகட்டு வட்டம் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டினார். மறுபடி தடவினார். இப்படிக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே பொழுது போனது. கடைசியில் ஒவ்வொரு பல்லிலும் நட்ட நடுவில் சிவப்பு விழுந்தபோது தீர்த்தகிரி நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தார். இதைக் காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. பலா மரத்தடியில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வினை. ஆள் துணை இருந்திருந்தால், போதும் மாட்டுய்யா என்று அதட்டியிருப்பார்கள். அவசரப்படுத்த ஆளில்லாததால், இத்தனை நல்ல வேலையை அழுக்கோடு மாட்டக் கூடாது என்று தோன்றியது. ஹவுசிங்கை ஒரு தகரத்தில் வைத்து டீசல் ஊற்றி, பழைய வேட்டியைக் கிழித்து, சந்து பொந்தெல்லாம் துடைத்துக் கழுவினார். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி அப்படி ஒரு பதமாகக் கழுவினார். பேரனைப் பற்றியும் அதனிடம் சொன்னார். அழுக்கு போனது, எண்ணெய் போனது, சுண்ணாம்புக் கோடும் போனது. பேச்சு சுவாரசியத்தில் அதை அவர் கவனிக்கவில்லை.

மாட்டுகிறபோது வயிற்றில் வைத்து, முழங்காலால் உந்தி, கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கினார். போல்ட் ஓட்டைகள் எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே மாதிரி உட்காரும் கூடு அது. உட்கார்ந்தது. பினியனின் மூக்கு முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பது போலப் பட்டது. "புது சாமான், அப்படித்தான் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் யாராவது குனிந்து பார்த்திருந்தால், இது முன்னாடி இப்படியா இருந்தது என்று கேட்டிருப்பார்கள். கேட்கவும் ஆளில்லை, கேட்டிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்கவும் மாட்டார்.

தண்டுகளையும் சக்கரங்களையும் மாட்டிவிட்டு ஒரு சோதனையும் செய்தார். வண்டி முட்டில் நிற்கும்போது ஒரு பின்சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அதற்கும் இரண்டு ஆள் வேண்டும். இவர் இந்தப் பக்கம் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் ஓடுவதற்குள் அது நின்றுவிட்டது. அதனால் அந்தச் சக்கரத்தின் உச்சியில் ஒரு பலா இலையைச் செருகிவைத்துவிட்டு வந்து, இதைச் சுற்றிவிட்டுப் போய்ப் பார்த்தார். இலை எதிர்ப்பக்கம் போயிருந்தது. தீர்த்தகிரிக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம்.

சனிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சீட்டிலிருந்த கோழி எச்சத்தையெல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் துடைத்தார். முன்சீட்டில் துண்டு விரித்தார். சாவி போட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். ஜீப் பின்னால் போனது.

கை தவறி ரிவர்ஸ் விழுந்துவிட்டது என்று நினைத்தார். மறுபடி முதல் கியர். மறுபடி பின்னால். வேலி சடசடவென்று முறிந்தது. இரண்டாம் கியர் போட்டார், அது இன்னும் வேகமாகப் பின்னால் போய்ச் சாமை வைக்கோல் போரில் முட்டி நின்றது. இன்ஜினை நிறுத்தினார். வைக்கோல் தலையில் விழுந்தது. நிறுத்தினபிறகுதான், கழுவின தகரமும் டீசலில் கரைந்த சுண்ணாம்பும் நினைவுக்கு வந்தன. ஹவுசிங் தலைகீழாக மாட்டியிருந்தது. கிரவுன் வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் போய்விட்டது. இனி முன்கியரெல்லாம் பின்னால்தான் இழுக்கும்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். மறுபடி கழற்றி மாட்ட ஒரு பகல் வேண்டும். பஸ் மத்தியானம் வந்துவிடும். வந்துட்றேன் என்று சொன்னவன் வரவில்லை என்றால் அவள் ஏறிப் போய்விடுவாள், அப்புறம் கேட்க மாட்டாள். பெரியம்மாள் சொன்னால் சொன்னதுதான். இந்த வீட்டில், இந்த மரத்தடியில், இன்னும் எத்தனை வருஷம் இரும்புடன் பேசிக்கொண்டு கிடப்பது? கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஜீப் முன்னால் போனது.

ரிவர்ஸ் கியர் என்பது நாலு முழம் பின்வாங்குவதற்கு ஏற்பட்டது. அதில் மலை இறங்கிப் புதூர்நாடு போன மனிதர் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். வண்டி நடக்கிற வேகத்தில் போனது, ஆனால் அலறுகிற அலறலில் புளிய மரத்திலிருந்தவர்கள் உலுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து, "இன்னா மாமா, உருட்டிக்கினு போற?" என்றான்.

"இன்ஜினு புச்சு போட்டிருக்கு. வேகமா போவக் கூடாது," என்றார் தீர்த்தகிரி. வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

சிக்னல் வருகிற வளைவில் பாக்கெட்டிலிருந்த போன் துடித்தது. மகள் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். வண்டியை நிறுத்திப் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். கூப்பிட்டு, கொஞ்சம் நேரமாகும், வண்டி இப்படி ஆகிவிட்டது, அம்மாவை இருக்கச் சொல்லு என்றால் போதும். அப்படிச் சொன்னால் எப்போது ஆனது என்று கேட்பாள். அந்த நூலைப் பிடித்தால் கார்த்திகை வரைக்கும் அவிழும். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுபடி ரிவர்ஸைப் போட்டார்.

புதூர்நாட்டு நிறுத்தத்தில் பஸ் இல்லை. வந்து, திரும்பி, போயிருந்தது. சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் கலைந்து, ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருந்தது. தீர்த்தகிரி இறங்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடி அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையும் முன்சீட்டில் விரித்த துண்டும் அவருக்கே கேவலமாகத் தெரிந்தன. வாழ்நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கின இடத்தில் தன்னை ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை.

மங்கம்மாள் டீ டம்ளரோடு வண்டியருகே வந்தாள். "மொதல்ல இத்த குடிங்கணா. அண்ணி பஸ்சுல ஏறல."

"ஏறலியா?"

"இங்கதான் உக்காந்துனு இருந்தாங்க. கண்டக்டரு வாம்மான்னு கூப்ட்டான். போப்பான்னுட்டாங்க. பஸ்சு போனப்பறம் பைய எடுத்துக்கினு கொறுக்குப் பாதையில ஏறிட்டாங்க. அந்த முட்டிய வெச்சிக்கினு ஏறாதீங்கன்னு எவ்ளோ சொன்னேன், கேக்கல. இப்பத்தான், கொஞ்ச நேரம் ஆவுது."

தீர்த்தகிரி டீயைக் குடித்தாரா கொட்டினாரா என்று அவருக்கே தெரியாது. ஏற்றத்தில் ரிவர்ஸ் கியரில் உருட்டினால் பொழுது போய்விடும். அவர் முதல் கியரைப் போட்டார். வண்டியைத் திருப்பாமலே, கழுத்தை முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே மலை ஏற ஆரம்பித்தார். இரண்டாம் கியர். புழுதி முன்கண்ணாடிப் பக்கமாக எழுந்தது. எதிரே வந்த ஆட்டு மந்தை எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சிதறியது.

குறுக்குப் பாதை சாலையைத் தொடுகிற இடத்தில், மதகுக் கட்டையின் மேல் பெரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பின் பின்பக்கம் தன்னை நோக்கி ஏறி வந்து நிற்பதையும், அதற்கு மறுகோடியிலிருந்து கழுத்து வலியோடு ஒரு முகம் எட்டிப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாயா இது?" என்றாள்.

"ஏறு," என்றார் தீர்த்தகிரி.

"பாசஞ்சருக்குச் சொல்ற மாதிரி சொல்ற. வண்டி ஏன் பின்னாடி வருது?"

அவர் இறங்கி அவள் முன்னால் வந்து நின்றார். "கிரவுனு மாத்தினேன். ஹவுசிங்க தலகீழா மாட்டிட்டேன்."

"எப்ப போச்சு கிரவுனு?"

போன வாரம் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். முட்டி வீங்கியிருந்தது.

"கார்த்திகையிலயே போச்சு," என்றார். "நீ போய் கொஞ்ச நாள்ல. நீ சொன்ன சத்தந்தான். டிரிப்புன்னு சொன்னதெல்லாம் பொய்யி."

"தெரியும்," என்றாள் பெரியம்மாள்.

தீர்த்தகிரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மங்கம்மா அப்பவே போன்ல சொல்லிட்டா. நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் டிரிப்பு டிரிப்புன்ன. சரி, இவனுக்கு நம்ம வேணாம்போல, ஒண்டியாவே நல்லாத்தான் கீறான்னு நெனச்சுக்கினேன். கொயந்தைய மடியில வெச்சிக்கினு அதையே நெனச்சிக்கினு இருப்பேன். சனிக்கெழம ஜீப்போட வான்னு சொன்னனே, அப்பவாவது வண்டி ஓடலன்னு சொல்லக் கூடாதா? அப்பவும் வந்துட்றேன்ன." அவள் குரல் உயரவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "வண்டி இல்லன்னா எனக்கு காலு இல்லியா? உக்காந்து உக்காந்து வந்திருப்பேன். வந்து இருன்னு நீ ஒரு வார்த்த சொல்லலியே."

"இப்ப வூட்டுக்குத்தான வர்ற?"

"வூடு எப்படிக் கீதுன்னு பாத்துட்டு சாயங்கால பஸ்சுல போய்டலாம்னு வந்தேன்."

தீர்த்தகிரி மதகுக் கட்டையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையில் ஒருத்தரும் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

"முடியல மே," என்றார். "சோறாக்கி வெச்சிட்டு துன்னாம படுத்துக்கறேன். பேச ஆளு இல்ல. ஒரு வாரமா அந்த ஹவுசிங்கோட பேசிக்கினு கெடந்தேன். போவாத. வந்து இரு."

பெரியம்மாள் முட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "ஹவுசிங்கோட பேசினியே, அது இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. தலகீழா மாட்றன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடின முந்தானைக்குள் அவள் சிரித்தாளா அழுதாளா என்று தீர்த்தகிரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் பையை எடுத்து வண்டியில் வைத்தார்.

"நான் பாத்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள் எழுந்துகொண்டே. "நீதான் கேக்க மாட்ட."

"கேப்பேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பெஞ்சில் ஏறி, வண்டி போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். தீர்த்தகிரி முன்னால் போய் ஏறி, முதல் கியரைப் போட்டு, மறுபடி கழுத்தை முறுக்கினார்.

"கழுத்து சுளுக்கிக்கும். நீ முன்னாடியே பாத்து உக்காரு, நான் சொல்றேன்," என்றாள் பெரியம்மாள். "நாளைக்கு அத்த கழட்டலாம். ஒண்டியா கை வெக்காத, நான் கூட வந்து புடிக்கிறேன்."

ஜீப் பின்பக்கமாக மலை ஏறியது. சோத்தாங்கைப் பக்கம் பள்ளம், ஒடி என்றாள், ஒடித்தார். நேராக விடு என்றாள், விட்டார். தீர்த்தகிரி வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.